கூட்டம் செல்லாத மலைப்பாதைகள்

விடுமுறைக் காலத்தில் பதுளைப் புகையிரதத்தில் ஏறுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களையே மனத்திற்கொண்டு ஏறுகின்றனர். ஒன்று ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு. மற்றொன்று எல்லவுக்கு அண்மையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். இரண்டும் காணத்தக்கனவே. ஆயினும் அங்கே செல்பவர் மலையைக் காண்பதினும் தம் முன்னே நிற்பவரின் முதுகையே அதிகம் காண்கின்றார். இவ்விரண்டுக்கும் இடையில், ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலையைக் கடந்ததும், ஒகிய, இதல்கஸ்ஹின்ன என்னும் இரு சிறு நிலையங்கள் வருகின்றன. அங்கே இறங்குவோர் சிலரே.

ஒகியவில் இறங்கி உடவேரியாத் தோட்டத்தின் வழியே நடப்பவர், நண்பகலுக்குள் மலையின் தென்விளிம்பை அடையலாம். அங்கிருந்து கீழிறங்கும் பாதைக்குப் ‘பேய்ப் படிக்கட்டு’ என்று பெயர். உண்மையில் அது படிக்கட்டன்று. கொண்டையூசிபோல் வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கும் கரடுமுரடான வழி. தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், வானம் தெளிந்திருப்பின், சமனலவெவ நீர்த்தேக்கமும் அதற்கப்பால் தென்னிலங்கைச் சமவெளியும் விரிந்து கிடக்கும். இறக்கத்தின் இறுதியில் 263 மீற்றர் உயரமுள்ள பம்பரகந்தை நீர்வீழ்ச்சி. இலங்கையில் இதனினும் உயர்ந்த வீழ்ச்சி வேறில்லை. முழங்காலில் நோவுள்ளவர் இந்நடையை மேற்கொள்ளாதிருத்தல் நன்று. ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலைச் சோதிக்கும்.

மற்றைய நடை எளிது. அப்புத்தளையில், சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டுவித்த அடிஷம் மாளிகை இன்று கத்தோலிக்கத் துறவியரின் மடமாக விளங்குகிறது. அதன் அருகே தொடங்கும் ஒற்றையடிப் பாதை தங்கமலைக் காட்டின் வழியே இதல்கஸ்ஹின்னப் பக்கம் செல்கிறது. அந்நிலையத்தில் நிற்பவர் ஒருபுறம் ஊவாவின் பள்ளத்தாக்கையும் மறுபுறம் தெற்குச் சரிவையும் ஒருங்கே காணலாம். குறுக்குவழி என்றெண்ணி இருப்புப்பாதை மீது நடப்போர் உளர். அது சட்டத்துக்கு மாறு, உயிருக்கும் கேடு.

மாசி, பங்குனி மாதங்களே இந்நடைகளுக்கு ஏற்றவை. அப்போதும் பிற்பகலில் மூடுபனி திடீரெனக் கவியும். ஈரக் காட்டில் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். அட்டைக்கு அஞ்சித் திரும்பியவர் பனிக்கு அஞ்சித் திரும்பியிருந்தால் அது அறிவுடைமையாகும்.

2023இல் கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமுள்ள ‘பீக்கோ’ நடைபாதை திறக்கப்பட்டது. அது புதிதாக வெட்டப்பட்டதன்று. கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்ட பின்னரும், மலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் கூடையும் சாக்கும் சுமந்து நடந்த தோட்டப் பாதைகளே பெரும்பாலும் அதில் இணைக்கப்பட்டன. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காடு கடந்து நடந்தே வந்தவர்களின் சந்ததியார் இன்றும் இப்பாதைகளின் ஓரத்து லயன்களில் வாழ்கின்றனர்.

வழிகாட்டும் ஏடுகள் பாதையின் அழகைச் சொல்லும். சரிவின் அடியில் யார் வாழ்கிறார் என்பதைச் சொல்வது அரிது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, இதே மலைத்தொடரின் தென்சரிவில், கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதையுண்டன. 2025 நவம்பரில் திட்வாச் சூறாவளி வந்தபோது மலைநாட்டின் பல இடங்களிலும் மண் சரிந்தது, இருப்புப்பாதையும் சிதைந்தது. ஆகவே புறப்படுமுன் வழி திறந்துள்ளதா என்று உள்ளூரில் விசாரித்தல் வேண்டும்.

விசாரிப்பதற்கு ஏற்றவர் பாடசாலைப் பிள்ளைகளே. பயணி ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வழியில் அவர்கள் நாளுக்கு இருமுறை நடக்கின்றனர். எந்த ஓடையில் கல் வழுக்கும், எந்தத் திருப்பத்தில் புதிதாக மண் வெடித்திருக்கிறது என்பதை அவர்கள் அறிவர். மழை நாளிலோ செருப்பைக் கையிலெடுத்து, புத்தகப் பையை உரச்சாக்கினால் மூடிக்கொண்டு, அதே சரிவில் அவர்கள் இறங்கிச் செல்கின்றனர்.