துருத்தி மிதித்தவர்கள்

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரு கிராமத்துத் தேவாலயம், அதிலுள்ள ஆர்கன், இதுதான் இன்னிக்கு என் தலைப்புன்னதும் சிலர் சிரிச்சாங்க. ஜெர்மன்காரன் வாத்தியத்துக்கும் தலித் விடுதலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாங்க. சம்பந்தம் இருக்கு.

ஜெர்மனியில் லைப்சிக் நகருக்குத் தென்கிழக்கே ஸ்டோர்ம்தால் என்றொரு ஊர். அங்கே ஒரு லுத்தரன் தேவாலயம். 1722-23இல் அதைப் புதுப்பித்துக் கட்டியவர் ஊர்ப் பண்ணையார் ஃபான் ஃபுல்லன். ஆர்கன் செய்யச் சொன்னதும் அவரே. செய்தவர் ஹில்டபிராண்ட், பேர்பெற்ற சில்பர்மானின் மாணவர். 1723 நவம்பர் 2ஆம் தேதி திறப்புவிழா. ஆர்கனைச் சோதித்துச் சரியென்று சொல்லி, விழா இசையையும் நடத்தியவர் யோகான் செபாஸ்டியன் பாக். அந்த வருஷம்தான் அவர் லைப்சிக்குக்கு வேலைக்கு வந்திருந்தார். பெரிய மாற்றமில்லாமல் அந்த ஆர்கன் இன்றும் ஒலிக்கிறது.

பண்ணையார் பேர் இருக்கு. செஞ்சவர் பேர் இருக்கு. வாசிச்சவரை உலகத்துக்கே தெரியும். துருத்தி மிதிச்சவன் பேர் என்ன?

ஆர்கன் என்பது குழல்களின் கூட்டம். குழலுக்குக் காத்து வேணும். வாசிக்கிறவர் ஊதுறதில்லை. பெரிய பெரிய துருத்திகள் இருக்கும். மரப்பலகை, மடிப்புகளில் தோல். ஆள் நின்னு மிதிக்கணும். மின்சாரம் வரும்வரை இப்படித்தான். எந்த ஆர்கனைச் சோதித்தாலும் பாக் முதலில் எல்லாக் குழல்வரிசைகளையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டு, இதுக்கு நல்ல நுரையீரல் இருக்கான்னு பார்ப்பாராம். அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார். அந்த நுரையீரலை இயக்கியது ஒரு கூலியாளின் கால்.

கட்டிடத்தையும் கவனிக்கணும். அக்காலத்து ஜெர்மன் கிராமத் தேவாலயங்களில் பண்ணையார் குடும்பத்துக்குத் தனி மாடம் இருக்கும். குடியானவர்களுக்குக் கீழே பெஞ்சு. அதிலும் அந்தஸ்துப்படி வரிசை. இது அநியாயம்தான். ஆனா தீண்டாமை வேற. அந்தக் குடியானவன் பிறப்பால் தீட்டுன்னு சேரிக்குத் தள்ளப்படலை.

இந்த வித்தியாசம் நமக்கு ஏன் முக்கியம்? 1840களில் தரங்கம்பாடி மிஷனின் பொறுப்பை ஏற்ற லுத்தரன் மிஷன், 1848லிருந்து இதே லைப்சிக்கில்தான் இயங்கியது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல். தமிழ் படித்தவர். 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டவர். அவர்தான், சாதி ஒரு சமூகப் பழக்கம், திருச்சபை அதைக் கட்டாயப்படுத்தி ஒழிக்கத் தேவையில்லை என்று வாதாடினார். இங்கேயோ 18ஆம் நூற்றாண்டிலிருந்தே, 1718இல் திறந்த தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில், சூத்திரக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் பிரித்தே உட்கார வைக்கப்பட்டார்கள். ஒரே கர்த்தர், ஒரே வேதம், ரெண்டு இடம்.

என் வாசிப்பு இது: மாடத்தையும் பெஞ்சையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஊரும் சேரியும் இன்னொரு அந்தஸ்து வரிசையாகத் தெரிஞ்சிருக்கு. தீண்டாமையை அந்தஸ்துன்னு படிச்சுட்டாங்க. அந்தத் தப்பான படிப்புக்கு விலை கொடுத்தது நம்ம பாட்டன் பாட்டிமார்.

தோலுக்கும் இதே கதைதான். ஆர்கனுக்குள் ஒளிஞ்சிருக்கிற தோல் ஆராதனைக்கு ஆகும். நம்ம கையில பறையா இருக்கிற தோல் தீட்டாம். பறை தேவாலய வாசப்படி தாண்ட எத்தனை காலம் ஆச்சு!

பாக் இசை அழகில்லைன்னு நான் சொல்லலை. அழகுதான், நானும் கேட்கிறேன். அந்த அழகுக்குக் காத்து கொடுத்தவனையும் சேர்த்துக் கேட்கணும்கிறேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. லீவுக்கு ஊர் போறப்ப உங்க தேவாலயத்தைப் போய்ப் பாருங்க. யாரை எங்கே உட்கார வச்சாங்க, கல்லறைத் தோட்டத்துல சுவர் உண்டா, கல்வெட்டுல யார் பேர் இருக்கு, மண்ணும் கல்லும் சுமந்தது யாருன்னு கிழவிகளைக் கேளுங்க. சொல்றதை அப்படியே எழுதிக்கிட்டு வாங்க. அடுத்த கூட்டத்தில் அதைப் படிப்போம்.