நிழற்படமும் கோட்டோவியமும்



அருணாசல மலையின் தென்னடிவாரத்தில் ரமணாசிரமம் அமைந்திருக்கிறது. அங்கிருந்து மேலேறும் கற்பாதை கந்தாசிரமத்தைச் சென்றடைகிறது. ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை வாழ்ந்த இடம் அது. அதன் அருகே நின்று கீழே நோக்கினால், அருணாசலேசுவரர் கோயிலின் கோபுரங்களும் மதில்களும் ஊரின் வீதிகளும் ஒருங்கே தோன்றும். இக்காட்சியைக் கைப்பேசியில் படமெடுப்போர் பலர். வரைந்து பார்ப்போர் மிகச் சிலர். எடுத்த நிழற்படத்தையே பென்சிலால் தீட்டிய கோட்டோவியம்போல் மாற்றித் தரும் மென்பொருள்கள் இன்று உள்ளன. அவை எவ்வாறு அதனைச் செய்கின்றன, அவற்றால் எது இயலாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

'கிம்ப்' என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலியில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தொடங்கிய பணி அது. எவரும் அதனை விலையின்றிப் பெறலாம்.

செய்முறை எளிது. முதலில் படத்தின் நிறங்களை நீக்கிச் சாம்பல் வண்ணமாக்குக. அதன் படி ஒன்றை மேலடுக்காக வைத்து, 'இன்வெர்ட்' என்னும் கட்டளையால் ஒளியை இருளாகவும் இருளை ஒளியாகவும் மாற்றுக. பின்னர் 'காஸியன் பிளர்' கொண்டு அம்மேலடுக்கை மங்கச் செய்க. இறுதியில் அதன் கலப்பு முறையை 'டாட்ஜ்' என அமைத்திடுக. உடனே தாள் வெளுத்து, கோடுகள் எழுந்து நிற்கும். 'டாட்ஜ்' என்பது பழைய இருட்டறைச் சொல். படம் அச்சிடுவோர், தாளின் ஒரு பகுதி மிகக் கறுத்துவிடாதபடி ஒளியைச் சற்று மறைத்துப் பிடிப்பர். அச்செயலின் பெயரே கணினிக்கும் வந்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. வகுத்தல் கணக்கே உள்ளது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அதன் சுற்றுப்புறத்துச் சராசரி ஒளியால் வகுக்கப்படுகிறது. புள்ளியின் ஒளி 200, சுற்றுப்புறமும் 200 எனில் ஈவு 1; அவ்விடம் வெண்மையாகும். இரண்டும் 50 ஆயினும் ஈவு 1 தான், அதுவும் வெண்மையே. புள்ளி 100, சுற்றுப்புறம் 200 எனில் ஈவு அரை; அங்கே சாம்பல் கோடு விழும். ஆதலால் கருத்த மலையின் உட்பகுதி வெற்றுத் தாளாகி, வானைத் தொடும் விளிம்பு மட்டும் கோடாக எஞ்சுகிறது. கருவி இருளையும் ஒளியையும் வரைவதில்லை, வேறுபாட்டையே வரைகிறது. சிறிதே மங்கச் செய்தால் மெல்லிய கோடுகள் கிடைக்கும். மிகுதியாக மங்கச் செய்தால் நிழல்களும் சேர்ந்து வரும்.

கருவியின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. மலை ஒரே கோட்டில் அமைந்துவிடும். 217 அடி உயரமுள்ள ராஜகோபுரமோ சிற்பங்கள் நிறைந்தது; அங்கே கருவி கோட்டின்மேல் கோடாக இழுத்துச் சிக்கலாக்கிவிடும். வெல்லிங் என்பவர் எடுத்த மகரிஷியின் மார்பளவுப் படம் பலரும் அறிந்தது. காண்போர் உள்ளத்தை முதலில் ஈர்ப்பவை அதிலுள்ள கண்களே. கணக்கு அதனை அறியுமா? தாடியின் இழைக்கும் கண்ணின் ஒளிக்கும் அது ஒரே நீதியை வழங்கும். ஓவியனோ பத்துக் கோடுகளை விட்டுவிட்டு ஒன்றை இடுகிறான். எதை விடுவது என்னும் தேர்விலேதான் அவன் கலை இருக்கிறது.

ஆகவே, கருவி தந்த படத்தைத் தம் கைவண்ணமெனக் காட்டும் மாணவர், பிறரை ஏய்ப்பதைவிடத் தம்மையே மிகுதியும் ஏய்த்துக்கொள்கிறார். காணும் பயிற்சியை அவர் இழந்துவிடுகிறார். மாறாக, அப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு, வேண்டாத கோடுகள் எவை என ஆராய்ந்து, வேண்டியவற்றை மட்டும் ஒரு தாளில் தாமே வரைந்து பாருங்கள். முதல் தாள் கோணலாகலாம். பத்தாவது தாளில், நேற்றுவரை காணாத ஒன்றை உங்கள் கண் காணத் தொடங்கியிருக்கும்.