மரவேலை தொடங்கும் முன் பிளேடைப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் எந்த மாதம் பார்த்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் மரவேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு வீட்டில் கிச்சன் கப்போர்டு, இன்னொரு வீட்டில் வார்ட்ரோப், மற்றொன்றில் பூஜை அலமாரி. வேலையை ஒப்படைக்கும்போது நாம் எவ்வளவோ பார்க்கிறோம். பிளைவுட்டைத் திருப்பி ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். மைக்காவுக்காக நான்கு கடை ஏறி இறங்குகிறோம். கீல் சத்தமில்லாமல் மூடுகிறதா என்று கடையிலேயே திறந்து மூடிப் பார்க்கிறோம். ஆனால் இத்தனையையும் அறுக்கப்போகும் பிளேடு எது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அலமாரியின் ஓரம் பிசிறில்லாமல் வருவது, பக்கத்து வீட்டுக்காரரின் காது தப்புவது, வேலை செய்பவரின் விரல் தப்புவது ஆகிய மூன்றிலும் பிளேடுக்குப் பெரும் பங்கு உண்டு. நல்ல பிளேடு ஒன்றின் விலை பொதுவாக நல்ல பிளைவுட் ஷீட் ஒன்றின் விலையைத் தாண்டாது. பத்து இருபது ஷீட் வாங்குகிற வீட்டுக்கு அது பெரிய செலவே இல்லை. ஆகவே பிளேடை நாமே வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பல்லை எண்ணுங்கள்

நம் ஊரில் லேத் பட்டறையை எட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. இரும்பைக் கடைய டூலில் கார்பைடு டிப் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மர பிளேடிலும் அதே சங்கதிதான். எஃகுத் தட்டின் பற்களில் டங்ஸ்டன் கார்பைடு டிப் பற்றவைத்திருப்பார்கள். கடையில் 'டிசிடி பிளேடு' என்று கேட்டால் கிடைக்கும்.

அடுத்தது பல் எண்ணிக்கை. 10 அங்குல பிளேடில் 24 பல் இருந்தால், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே சுமார் 33 மி.மீ. வரும். அந்தப் பெரிய இடைவெளியில் மரத்தூள் தங்காமல் வெளியேறும். தேக்கு, வேம்பு போன்ற கட்டை மரத்தை நார் ஓடும் திசையில் நீளவாட்டில் கிழிக்க இது ஏற்றது. வேகமாக அறுக்கும், ஆனால் ஓரம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்.

அதே 10 அங்குலத்தில் 80 பல் இருந்தால் இடைவெளி 10 மி.மீ. தான். ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் கொஞ்சமாகவே செதுக்கும். ஓரம் வழவழப்பாக வரும். நாருக்குக் குறுக்கே அறுக்கவும், பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகை அறுக்கவும் 60 முதல் 80 பல் வேண்டும். 40 பல் என்பது இரண்டுக்கும் நடுவே. எல்லாவற்றுக்கும் ஓரளவு உதவும்.

பிளைவுட்டுக்கு ஏன் அதிகப் பல்? அதன் ஓரத்தைப் பாருங்கள். மெல்லிய மரத்தாள்களை ஒன்றின் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் வைத்து ஒட்டியிருப்பார்கள். நம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்க்கும் மலைவேம்பும் இப்படித் தாளாக உரிக்கப்பட்டுத்தான் பிளைவுட் ஆகிறது. எந்தப் பக்கம் அறுத்தாலும் பாதித் தாள்கள் குறுக்காகவே அறுபடும். பெரிய பல் அங்கே நாரைப் பிய்த்துவிடும்.

நம் வீடுகளுக்கு வரும் கார்பென்டர்கள் பெரும்பாலும் 7 அங்குல மெஷினைத்தான் கொண்டுவருகிறார்கள். அதில் கட்டை கிழிக்க 24, பொது வேலைக்கு 40, மைக்கா ஒட்டிய பிளைவுட்டுக்கு 60 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பல்லின் வடிவம்

பல் எண்ணிக்கையோடு அதன் வடிவத்தையும் பாருங்கள். முனை தட்டையாக இருந்தால் கட்டை கிழிக்க. ஒரு பல் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சாய்ந்திருந்தால் குறுக்கு வெட்டுக்கும் பிளைவுட்டுக்கும். ஒரு பல் இரு முனையும் மழுங்கச் செதுக்கியதாகவும் அடுத்தது தட்டையாகவும் மாறி மாறி வந்தால், அதை டிசிஜி என்பார்கள். மைக்கா, எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு போன்ற இறுகிய பொருள்களில் சீக்கிரம் மழுங்காமல் உழைப்பது அதுதான். அலுமினியச் சட்டம் அறுக்க அதற்கென்றே தனி பிளேடு உண்டு. மர பிளேடிலேயே அலுமினியத்தையும் அறுக்க விடாதீர்கள்.

வீட்டில் தேக்கு வேலை என்றால் இன்னொன்று. தேக்கு மரத்துக்குள் மணல்போன்ற சிலிக்கா இயல்பாகவே இருக்கிறது. பிளேடின் கூரை அது சீக்கிரம் தின்றுவிடும். தேக்குக்கு ஒரு பிளேடு, பிளைவுட்டுக்கு ஒரு பிளேடு என்று பிரித்து வைத்தால் இரண்டும் நீடிக்கும்.

அச்சிட்டிருக்கும் எண்களைப் படியுங்கள்

பிளேடின் முகத்தில் விட்டம், துளை அளவு, வெட்டுத் தடத்தின் அகலம், உச்ச சுழல்வேகம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். கார்பென்டர் தமிழ் பேசினாலும் இந்தி பேசினாலும் அந்த எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

துளை 20, 25.4, 30 மி.மீ. எனப் பல அளவில் வரும். மெஷினின் தண்டில் அது ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்தால் அதற்கென்று செய்த வளையத்தைப் போட வேண்டும். காகிதமோ தகரமோ சுற்றி இறுக்குவதும், சின்னத் துளையை அரம் போட்டுப் பெரிதாக்குவதும் கூடவே கூடாது.

சுழல்வேகம்தான் இருப்பதில் முக்கியம். பிளேடில் அச்சிட்ட உச்ச ஆர்பிஎம், மெஷினின் ஆர்பிஎம்மைவிட அதிகமாக இருக்க வேண்டும். வெல்டிங் வேலைக்கு வைத்திருக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் சுழலும். அதில் மர பிளேடை மாட்டி அறுப்பதைச் சில இடங்களில் பார்த்திருப்பீர்கள். மரத்தில் பல் சிக்கினால் மெஷின் கையை மீறித் துள்ளும். அதன் காப்பு மூடியும் மர பிளேடுக்காகச் செய்ததல்ல. உங்கள் வீட்டில் அதைக் கண்டால் அன்றைய வேலையையே நிறுத்துங்கள்.

டேபிள் எப்படிப்பட்டது?

நம் வீடுகளில் 'டேபிள் கட்டர்' என்பது பெரும்பாலும் தலைகீழாகத் திருகிய 7 அங்குலக் கை மெஷின்தான். ஒரு பழைய பிளைவுட் துண்டுக்கு அடியில் அதை மாட்டி, காப்பு மூடியைக் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டி, சுவிட்சை ஓடும் நிலையிலேயே பூட்டியிருப்பார்கள். நிறுத்த வேண்டும் என்றால் பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும்.

7 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 5,000 முறை சுழன்றால், பல் முனையின் வேகம் மணிக்குச் சுமார் 168 கி.மீ. வரும். நீலாம்பூர் பைபாஸில்கூடப் போகக்கூடாத வேகம். டேபிளில் பிளேடின் முன்பக்கப் பல் கீழ்நோக்கி அறுக்கிறது. பின்பக்கப் பல் மேல்நோக்கி எழுகிறது. அறுபட்ட இரண்டு துண்டும் பின்னால் ஒன்றுசேர்ந்து பிளேடை நெருக்கினால், அந்தப் பின்பற்கள் பலகையைத் தூக்கி, தள்ளுகிற ஆளின் மீதே எறியும். அதைப் பிடிக்கப் போகும் கை பிளேடின் மேல் விழும்.

இதைத் தடுக்க, முறையான டேபிள் மெஷினில் பிளேடுக்குப் பின்னால் ஒரு செங்குத்துத் தகடு நிற்கும். துண்டுகள் நெருங்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது பிளேடின் எஃகுத் தட்டைவிடத் தடிமனாகவும், பல் போடும் தடத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் பிளேடு வாங்கும்போது தடத்தின் அகலத்தையும் பார்க்கச் சொல்கிறேன். 3.2 மி.மீ. தடத்துக்கான தகடு இருக்கும் மெஷினில் 2.4 மி.மீ. மெல்லிய பிளேடை மாட்டினால், பலகை தகட்டில் முட்டி நின்றுவிடும். பிறகு தகட்டையே கழற்றி வைத்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-ல் வடிவமைத்த 'சாஸ்டாப்' தொழில்நுட்பத்தில், விரல் பட்டதும் நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் பிளேடு நின்றுவிடும். நம் வீட்டுக்கு வரும் டேபிளில் அதெல்லாம் கிடையாது. கூரான, சரியான பிளேடும், மூடியும், பின் தகடும், தள்ளுவதற்கு ஒரு கட்டையும்தான் அவர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு. மழுங்கிய பிளேடு இதில் பெரிய எதிரி. அது அறுக்காது, ஆள் பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். தள்ளும் கை வழுக்கினால் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மழுங்கியதை எப்படி அறிவது?

கருகிய வாடை, வெட்டில் பழுப்புக் கறை, வழக்கத்தைவிடக் கிறீச்சென்ற சத்தம், தள்ளக் கூடுதல் பலம். இவை தென்பட்டால் பிளேடைக் கழற்றிப் பாருங்கள். பல சமயம் பல் மழுங்கியிருக்காது. பிசினும் பசையும் படிந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போய்விடும். உண்மையிலேயே மழுங்கியிருந்தால், டூல் கிரைண்டிங் செய்யும் இடத்தில் வைரச் சக்கரத்தால் சாணை பிடித்துத் தருவார்கள். ஒரு டிப் உடைந்திருந்தாலும் அந்த பிளேடை ஓட்டக் கூடாது.

பிசிறு வராமலிருக்க ஒரு சின்ன விஷயம். டேபிளில் அறுத்தால் மைக்காவின் நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் மெஷினில் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். பல் வெளியேறும் பக்கம்தான் பிசிறும்.

வேலை செய்பவரின் தோளில் துண்டு, தொங்கும் முழுக்கை, கையுறை எதுவும் வேண்டாம். சுழலும் பிளேடு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். மூக்குக்கு மாஸ்க் அவசியம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு விபத்து நேர்ந்துவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். விரல் துண்டானால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸிலோ தண்ணீரிலோ படக் கூடாது. 108-ஐ அழையுங்கள். துண்டான கையை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சைக்கு உலக அளவில் பெயர் பெற்ற கங்கா மருத்துவமனை நம் கோவையிலேயே, மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது. ஆனால் சிங்காநல்லூரிலிருந்து ஊரையே கடந்து போக வேண்டும். ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று, மரவேலைக்கு அனுமதி கேட்கும் படிவத்தில் 'எந்த மெஷின், எத்தனை பல் பிளேடு, மூடி உண்டா' என்று ஒரு வரி சேர்ப்போம். இரண்டு, முடிந்தவரை ஷீட்டுகளை வெளியே பேனல் சா உள்ள பட்டறையில் அளவுக்கு அறுத்துக் கொண்டுவரச் சொல்வோம். அங்கே பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு சின்ன பிளேடு அடிமுகத்தை மெல்லக் கீறிவிடுவதால் இரண்டு முகமும் பிசிறாது. மாடியில் சத்தமும் தூசியும் பெருமளவு குறையும். மூன்று, வேலைக்கு வருபவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்போம். பதியாதவர்களுக்கு வழி சொல்லிக் கொடுப்போம்.

நாளைக்கு உங்கள் வீட்டில் வேலை தொடங்கினால், முதல் ஷீட்டை அறுக்கும் முன் "பிளேடை ஒருக்கா காட்டுங்க" என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் விரலைப் பற்றியும் ஒருவர் யோசிக்கிறார் என்று சந்தோஷப்படுவார்.