குழந்தையின் மூச்சொலியும் கைப்பேசியும்

(சாத்தாங்காட்டில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இரும்புச் சந்தையின் புழுதியையும் மணலி ஆலைகளின் புகையையும் நாம் நாள்தோறும் சுவாசிக்கிறோம். நம்மினும் விரைவாகச் சுவாசிப்பவர் நம் குழந்தைகள்.

சென்ற மார்கழியில் எம் இல்லத்துக் குழந்தைக்கு இருமல் கண்டது. “சளிதானே, கஷாயம் போதும்” என்று மூன்று நாள் தாமதித்தவர் யாமே. நான்காம் நாள் வைத்தியசாலைக்கு ஓடினோம், நிமோனியா என்றார்கள். குழந்தை பிழைத்தது, எமது அறியாமையோ நெஞ்சில் முள்ளாய்த் தங்கிற்று. அம்முள்ளே இன்று எம்மைப் பேசச் செய்கிறது.

1816-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர் லாயென்னெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதுவே ஸ்டெதஸ்கோப்புக்கு ஆதி. 2020-ஆம் ஆண்டில், கொரோனா காலத்தே, மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தோர் நெஞ்சொலியைக் கம்பியின்றிக் கைப்பேசிக்கு அனுப்பும் ஸ்டெதஸ்கோப்பைச் செய்தளித்தனர். எட்டியுள்ள வைத்தியரும் அவ்வொலியைக் கேட்கலாம். பதிந்து வைத்துப் பின்னர் ஒப்பிடவும் செய்யலாம்.

ஆயினும் அக்கருவி வைத்தியர் கைக்குரியது. வெறும் கைப்பேசியை மார்பில் வைத்து, “ஒலி நன்று” எனத் துணிதல் பெரும் பிழை. அதனால் நம் இல்லங்களில் இன்றே ஆகக்கூடியன இரண்டு.

முதலாவது, அதிலுள்ள கடிகாரம். குழந்தை அழாது அமைதியாயிருக்கையில், சட்டையை நீக்கி, மூச்சினை ஒரு நிமிஷம் முழுதும் எண்ணுக. இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்னும் அளவை எட்டினாலும் மிஞ்சினாலும் உடனே வைத்தியரிடம் செல்க.

இரண்டாவது, இரவில் இழுப்புக் கேட்டால் அதனைப் படம்பிடித்து வைத்தியருக்குக் காட்டுக. விடிந்தபின் அவ்வொலி அடங்கிவிடுதலும் உண்டு.

மூச்சிழுக்கையில் விலாவின்கீழ் குழி விழுந்தாலும், பால் குடிக்க மாட்டாதிருந்தாலும், உதடு நீலித்தாலும், மயங்கினாலும் எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் நமக்கு உள்ளன.

நோய் வருமுன் காத்தலும் நம் கடனே. 2021 முதல் நமது மாகாணத்தில் அரசினர் இலவசமாக அளித்துவரும் நிமோகாக்கல் தடுப்பூசியை, ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் ஆகிய மூன்று தவணையும் தவறாது போடுவியுங்கள்.

60, 50, 40 என்னும் இம்மூன்று எண்களையும் நம்மவர் ஒவ்வொருவரும் இன்றிரவே நாட்காட்டியின் அருகில் எழுதி ஒட்டுவார்களாக. குலத்தின் பெருமை குழந்தைகளின் ஆயுளிலன்றோ உள்ளது!