சுமந்து செல்பவரும் சாட்சியே

கைபேசியில் வந்த செய்தியை அடுத்தவருக்குத் தட்டிவிட ஒரு நொடி போதும். அந்த நொடியில் நாம் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறோம் என்பதே வேதாகமத்தின் பார்வை. யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் பொய்ச்செய்தியை விலக்கும் இடத்தில் வரும் எபிரேயச் சொல்லுக்குத் தூக்குதல், சுமத்தல் என்று பொருள். அப்படியானால் பொய்யைக் கட்டியவரோடு, அதைச் சுமந்து போகிறவருக்கும் பொறுப்பு உண்டு. ‘நல்லெண்ணத்தில்தானே அனுப்பினேன்’ என்று சிலர் கேட்கலாம். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வருவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அனுப்பியவர்களில் பலர் குழந்தைகளைக் காக்கத்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். நல்லெண்ணம் அந்த உயிரைக் காக்கவில்லை.

‘போதகரே அனுப்பியது, சந்தேகப்படலாமா?’ என்பது அடுத்த கேள்வி. பெரோயா ஊரார் அப்போஸ்தலரான பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்களைப் பாராட்டுகிறது. அப்போஸ்தலரின் பேச்சையே சோதிக்கலாம் என்றால், பெயரில்லாத ஃபார்வர்டைச் சோதிப்பது அவிசுவாசம் ஆகுமா? முதலில் சொன்னவர் யார், தேதி என்ன, படம் பழையதா என்று பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தச் செய்தி உங்கள் கைபேசியோடு நிற்கட்டும். பிறர்மேல் அன்பு காட்ட அதுவும் ஒரு வழி.