மாலைப் பள்ளி மாணவர்களும் மறைக்கப்படும் நோய்களும்
(நம் மாலைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம் மாலைப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பகலெல்லாம் ஜவுளிக்கடையிலும் செல்போன் கடையிலும் வெல்டிங் பட்டறையிலும் நிற்பவர்கள். மஃரிபு தொழுதுவிட்டு வந்து பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் படிக்கிறார்கள். பதினாறு வயதில் கையில் வாரச் சம்பளம், பையில் போன். கூட வேலை செய்பவர்களோ முப்பது வயதுக்காரர்கள். உடம்பைப் பற்றிய பாடத்தை இந்தப் பிள்ளைகள் அவர்களிடம்தான் கேட்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவன் சம்பளம் வாங்கியும் வீட்டுக்குப் பணம் கொடுப்பதில்லை என்று அவன் தாயார் நம்மிடம் வந்தார். விசாரித்தோம். மாதம் ஒருநாள் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவரிடம் தவணை கட்டிக்கொண்டிருந்தான். நோய் என்னவென்றால், தூக்கத்தில் விந்து வெளிப்படுவதாம்! ‘நரம்புத் தளர்ச்சி, பின்னால் பிள்ளை பிறக்காது’ என்று பயமுறுத்தி லேகியம் விற்றிருக்கிறார். இஹ்திலாம் ஆனால் குளிப்பு கடமை என்று மக்தபில் ஒப்புவித்த பிள்ளைதான் அவன். அது பருவம் வந்த ஆண்பிள்ளைகளுக்கு இயல்பாக ஏற்படுவது, நோயே அல்ல என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு பெண்ணுக்கு இஹ்திலாம் ஏற்பட்டால் குளிக்க வேண்டுமா என்று உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். நபியவர்கள் பதில் சொன்னார்கள். நம் சபை அதைவிட நாணம் மிகுந்தது அல்ல.

நோயல்லாததற்குப் பணம் கட்டும் பிள்ளை, உண்மையான நோய் வந்தால் அதை மறைக்கிறான். அங்கேதான் நமக்குக் கவலை. கிரந்தி எனும் சிபிலிஸ் நோயில் முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். லேகியத்தால் குணமானது என்று நினைத்துக்கொள்வான். கிருமியோ உடம்பிலேயே இருக்கும், நாளை அவன் மனைவிக்கும் பிறக்கும் குழந்தைக்கும் போகும். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டினால் பென்சிலின் ஊசியில் குணமாகும். எச்.ஐ.வி. பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் பெரியவர்களே பிள்ளைகளிடம் தவறாக நடப்பதுண்டு. ஆண்பிள்ளைதானே என்று அலட்சியம் வேண்டாம். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். பிள்ளை திடீரென்று வேலைக்குப் போக மறுத்தால் அடிக்காதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். உதவிக்கு 1098ஐ அழைக்கலாம். மானம் போய்விடும் என்று மூடிவைத்தால், தவறு செய்தவன் அடுத்த பிள்ளையிடம் போவான்.

போனைப் பிடுங்கி வைத்தால் போதும் என்று ஒரு தகப்பனார் சொன்னார். கூட வேலை செய்பவரின் போனை என்ன செய்வது?

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் அரசு டாக்டர் ஒருவர் மாணவர்களிடம் பேசுகிறார். பெண்பிள்ளைகளுக்கு அன்று அஸருக்குப் பின், லேடி டாக்டர் தனியாக. கேள்விகளைப் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். பெட்டி இன்றே வகுப்பறை வாசலில் வைக்கப்படுகிறது. சாவி டாக்டரிடம் இருக்கும், நம்மிடம் இருக்காது.