அக்கரை வீட்டில் முதல் காதல்

ஆந்திரத்திலுள்ள எங்கள் பிச்சாட்டூரில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வளர்ந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் நான். அவர்களிற் சிலர் இன்று அமெரிக்காவில் குடும்பஸ்தர்களாகி, தங்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பற்றிய கவலைகளைத் தொலைபேசியில் என்னிடம் சொல்லுவது வழக்கம். அதன் நிமித்தமாகவே, 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ என்னும் தொடரைப் பார்த்தேன்.

அதில் தேவி விஸ்வகுமார் என்னும் கலிபோர்னியாத் தமிழ்ப் பெண்ணாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கையிலிருந்து கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகள். தந்தையை இழந்த தேவிக்கு உடன் படிக்கும் பாக்ஸ்டன்மீது பிரேமை. தோல் மருத்துவரான தாய் நளினிக்கோ மகளின் படிப்பே சர்வமும்.

கதை முழுவதையும் சொல்ல அவகாசமில்லை. என் மனத்தைவிட்டு அகலாத ஒரு காட்சியைச் சொல்லுகிறேன். ஊர்த் தமிழரும் பிற இந்தியரும் விநாயகர் பூஜைக்குக் கூடியிருக்கிறார்கள். பெற்றோர் சொல்லை மீறி இஸ்லாமியர் ஒருவரை மணந்து, பின்னர் அந்த மணமும் முறிந்துபோன ஒரு பெண் அங்கே தனித்திருக்கிறாள். மாமிமார் எவரும் அவளிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. தன் காதலை வீட்டுக்கு மறைத்திருக்கும் கமலா, தேவியின் உறவுப்பெண், அவளருகே சென்று பேசி, அவள் மனவேதனையைக் கேட்டுக் கலங்கிப்போகிறாள். கவனியுங்கள், கமலாவை எவரும் மிரட்டவில்லை! பிச்சாட்டூரில் பெரியப்பா பேசாவிட்டால் அத்தை வீடு உண்டு, அத்தையும் கோபித்தால் நாகலாபுரத்து மாமன் உண்டு. கடல் கடந்த ஊரிலோ அந்தப் பூஜைக் கூட்டம் ஒன்றே சுற்றம் முழுவதும் ஆகையால், அங்கே விலக்கப்பட்டவளுக்குப் போக்கிடம் இல்லை. நளினி போன்ற தாய்மாரின் கண்டிப்புக்குள் இருப்பது இந்தப் பயமே என்பது என் அபிப்பிராயம்.

என் பழைய மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம், சென்ற வருஷம் அழுதுகொண்டே பேசினாள். அவள் மகள் பிச்சாட்டூரிலுள்ள ஆயாவை, அதாவது பாட்டியை, வாட்ஸ்அப்பில் அழைத்து, உடைந்த தமிழில், “ஆயா, எனக்கு ஒரு பையனைப் பிடிச்சிருக்கு, அம்மாகிட்ட சொல்லாதே” என்றிருக்கிறாள். ஆயா திகைக்காமல், “நல்லாப் படிக்கிறானா? அவங்க வீட்டுல உன்னைத் தெரியுமா?” என்று கேட்க, பெண் அரைமணி நேரம் மனம்விட்டுப் பேசினாளாம். “சார், பையன் இருக்கிறான் என்பதைவிட, என்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் தாங்கவில்லை” என்றாள் தாய். ஒவ்வொரு நாளும் மகளின் கைப்பேசியைச் சோதித்தவள் அவள்! நேயர்களே, சோதனைக்கு அஞ்சிய பெண் விசாரிப்புக்கு அஞ்சவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஜாதி, மதம், படிப்பு, விவாகம் என்று பேசவேண்டியவை அநேகம் எஞ்சியிருக்க, நேரமோ முடிந்துவிட்டது. வரும் விடுமுறைக்குத் தாயும் மகளும் ஆயா வீட்டுக்கு வருகிறார்கள். அப்பொழுதாவது அந்தத் தாய் மகளிடம் பையனின் பெயரைக் கேட்பாள் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.